வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது

வீட்டில் ஏதாவது சரியாக ஓடவில்லை என்றால் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை வோல்ட் வருது?" என்பதுதான். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சாக்கெட்டில் வைப்பார்கள். 228 என்று காட்டும். "கரண்ட் நல்லாத்தான் வருது" என்று முடித்துவிடுவார்கள். பல வருடமாக வயரிங் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் நான் அடித்துச் சொல்வேன், எந்த லோடும், அதாவது மின்சாரம் இழுக்கும் எந்தச் சாதனமும், ஓடாத நேரத்தில் எடுத்த வோல்ட் அளவை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே இடத்தில், அதே நொடியில் வோல்ட்டையும் ஆம்பியரையும் சேர்த்து எடுக்க வேண்டும். இரண்டு எண்களும் கைக்கு வந்துவிட்டால் மிச்சம் ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓம் கணக்கில். இரண்டையும் பெருக்கினால் மின்திறன், வாட் கணக்கில். பள்ளிக்கூடப் பாடம்தான். பரீட்சை முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். ஒரு பழுதைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எண்களோடு சொன்னால்தான் விளங்கும்.

மெயின் போர்டு தோப்பு வாசலில் இருக்கிற பழைய வீட்டில். அங்கிருந்து 60 மீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டிய வீட்டின் குளியலறையில் 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர், 2000 வாட். "தண்ணி காயறதுக்கே அரை மணி நேரம் ஆகுது கண்ணு. ஹீட்டரைப் போட்டா லைட்டெல்லாம் மங்கிப் போயிருது" என்றார் அந்த வீட்டு அம்மா. முன்பு வந்து பார்த்தவர் ஹீட்டருக்குள் சூடாகும் பாகமான எலிமென்ட்டை மாற்றியிருக்கிறார். அப்படியும் சரியாகாததால், "இங்க வோல்டேஜ் கம்மி, ஒரு ஸ்டெபிலைசர் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஹீட்டரை அணைத்து வைத்து அளந்தேன், 226 வோல்ட். ஹீட்டரைப் போட்டு அளந்தேன், 208. வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் 7.9 ஆம்பியர் காட்டியது.

இனி கணக்கு. 208ஐ 7.9ஆல் வகுத்தால் 26.3 ஓம். இந்த ஹீட்டரின் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது. 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால் 26.4 ஓம். அளந்ததும் தகடு சொல்வதும் ஒன்றுதான். எலிமென்ட்டில் ஒரு குறையும் இல்லை. 208ஐ 7.9ஆல் பெருக்கினால் 1643 வாட். ஹீட்டர் தனக்குக் கிடைத்த வோல்ட்டுக்கு என்ன கொடுக்க முடியுமோ அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பிரச்சினை அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

226 வோல்ட் 208 ஆனது என்றால் 18 வோல்ட் வழியில் தங்கிவிட்டது. அந்த வழியிலும் அதே 7.9 ஆம்பியர்தான் ஓடுகிறது. 18ஐ 7.9ஆல் வகுத்தால் 2.28 ஓம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து குளியலறை வரைக்குமான மொத்தத் தடை இது. கேபிளைத் தொடாமலேயே அதன் தடையைச் சொல்லிவிட முடிகிறது, பாருங்கள்.

அடுத்து ஹீட்டர் ஓடும்போதே பழைய வீட்டுக்கு வந்து மெயின் போர்டில் அளந்தேன். 223 வோல்ட். அதாவது மின்வாரியத்தின் லைனில் தங்கியது 3 வோல்ட்தான். மிச்சம் 15 வோல்ட்டும் மெயின் போர்டுக்கும் குளியலறைக்கும் நடுவில். 15ஐ 7.9ஆல் வகுத்தால் 1.9 ஓம்.

இது சரியான அளவுதானா என்பதற்கு வயரின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 2.5 ஸ்கொயர் எம்எம் (செம்பின் குறுக்குப் பரப்பு) காப்பர் வயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம். 4 ஸ்கொயருக்குச் சுமார் 5, 1.5 ஸ்கொயருக்குச் சுமார் 13. இந்த மூன்று எண்களும் எனக்கு மனப்பாடம். தோப்பில் போட்டிருந்தது 2.5 ஸ்கொயர். தூரம் 60 மீட்டர்தான், ஆனால் மின்சாரம் லைனில் போய் நியூட்ரலில் திரும்ப வேண்டும், எனவே 120 மீட்டர். பலர் இந்த இரட்டிப்பை விட்டுவிடுகிறார்கள். 120 மீட்டருக்கு 0.96 ஓம். ஆனால் அளவு சொல்வதோ 1.9 ஓம். ஏறத்தாழ 0.94 ஓம் கூடுதலாக எங்கோ உட்கார்ந்திருக்கிறது. நல்ல வயரில் அதற்கு இடமே இல்லை. இருந்தால் ஏதோ ஒரு இணைப்பில்தான் இருக்க வேண்டும்.

ஒரு ஓம்கூட இல்லையே, அதற்கென்ன என்று தோன்றும். அந்த இடத்தில் எழும் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, பிறகு ஓமால் பெருக்க வேண்டும். 7.9ஐ 7.9ஆல் பெருக்கினால் 62.4. அதை 0.94ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 59 வாட். சர்க்யூட் வேலைக்கு வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதுவே ஈயத்தை உருக்கிவிடும். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சூடு, பிளாஸ்டிக் டேப் சுற்றிய ஒரு முடிச்சுக்குள்!

"அண்ணா, எங்கேன்னு தேடறதுங்க?" என்று கேட்டான் கூட வந்த தம்பி. நடந்து பார்த்தோம். பாதி வழியில் ஒரு தென்னை மரத்தடியில், கம்பத்தில் அறைந்த சின்ன பிளாஸ்டிக் பெட்டி. எப்போதோ மட்டை விழுந்து வயர் அறுந்து, யாரோ முறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். பெட்டியின் ஒரு பக்கம் மஞ்சளித்து லேசாக உள்வாங்கியிருந்தது. ஹீட்டர் ஓடும்போதே, அந்த முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து வோல்ட் பார்த்தேன். ஒரே வயர்தானே, பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 7.4 வோல்ட் காட்டியது. 7.4ஐ 7.9ஆல் வகுத்தால் 0.94 ஓம். தேடிக்கொண்டு வந்தது அப்படியே அங்கிருந்தது.

(இந்த அளவை உயிருள்ள லைனில்தான் எடுக்க முடியும். கையுறை, தகுந்த தரமுள்ள மீட்டர், பயிற்சி, மூன்றும் இல்லாதவர்கள் தயவுசெய்து முயல வேண்டாம். மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தாலே கருகல் தெரிந்துவிடும்.)

மெயினை அணைத்து டேப்பை உரித்தோம். பசை இளகிப் பாகாக இழுத்தது. உள்ளே செம்பு கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. இழைகளில் பெரும்பாலானவை பொடிந்துவிட்டன, மிச்சமிருந்த சில இழைகள்தான் மொத்த லோடையும் தாங்கிக்கொண்டிருந்தன. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயைப் போட்டு அழுத்தி கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் மாட்டிச் சுருக்கி, தண்ணீர் புகாத பெட்டியில் வைத்தோம். மறுபடி அளந்ததில் குளியலறையில் 215 வோல்ட், 8.1 ஆம்பியர். பெருக்கினால் 1740 வாட்டுக்குச் சற்று மேல்.

சரிசெய்வதற்கு முன்னால் மின்வாரிய மீட்டரையும் ஒரு கை பார்த்திருந்தேன். எலக்ட்ரானிக் மீட்டர்களில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம்) எத்தனை முறை மின்னும் என்பது முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அந்த மீட்டரில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் ஓட விட்டு எண்ணினால் நிமிடத்துக்கு 94. அதை 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்தால் 1.76 கிலோவாட். மெயின் போர்டில் அளந்த 223 வோல்ட்டை 7.9ஆல் பெருக்கினாலும் அதேதான் வருகிறது. மீட்டர் 1762 வாட்டுக்குக் கணக்கு எழுதுகிறது, ஹீட்டருக்குப் போய்ச் சேர்வது 1643. நடுவில் போன 119 வாட்டில் பாதி கேபிளில், பாதி அந்த முடிச்சில். கையில் கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்களும் இந்த விளக்கை எண்ணி வாட் கண்டுபிடிக்கலாம். மீட்டர் முகப்பில் இருக்கும் எண்ணை மட்டும் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், சிலவற்றில் 1600 இருக்கும். 119 வாட்டுக்கு ஆகும் காசு பெரிய காசு இல்லை. என்னை உறுத்தியது, காய்ந்த ஓலைகளுக்கு நடுவே எரிந்துகொண்டிருந்த அந்த முடிச்சு.

அரை மணி நேரக் கதைக்கு மிச்சக் காரணமும் கணக்கில் வந்துவிட்டது. சாயங்காலங்களில் அந்த லைனில் 195 வோல்ட்வரை இறங்குமாம். ஹீட்டரின் 26.4 ஓமோடு வழியின் 2.28 ஓமைச் சேர்த்தால் 28.7. 195ஐ அதால் வகுத்தால் 6.8 ஆம்பியர். ஹீட்டரில் விழுவது 180 வோல்ட், கிடைப்பது சுமார் 1220 வாட். 15 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2135 கிலோஜூல் வேண்டும். 2000 வாட்டில் 18 நிமிடம், 1220 வாட்டில் 29 நிமிடம். அந்த அம்மா சொன்னது அப்படியே சரி. வோல்ட் சிறிது குறைந்தாலும் ஹீட்டரின் வாட் பெரிதாகக் குறையும், ஏனென்றால் வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைகிறது. இரண்டும் சேர்ந்து வாட்டைத் தின்கின்றன.

இப்போது அந்த ஸ்டெபிலைசர் யோசனைக்கு வருவோம், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். முடிச்சைச் சரிசெய்யாமல் குளியலறையில் ஸ்டெபிலைசர் வைத்திருந்தால், அது 230 வோல்ட்டைக் கொடுக்க, வயரிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுக்கும். கணக்குப் போட்டால், ஸ்டெபிலைசரின் சொந்த இழப்பை விட்டுவிட்டாலும் 9.8 ஆம்பியர். 9.8ஐ 9.8ஆல் பெருக்கி 0.94ஆல் பெருக்கினால் 90 வாட். தண்ணீர் சீக்கிரம் காய்ந்திருக்கும், எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள், தோப்புக்குள் அந்தப் பெட்டி 59 வாட்டுக்குப் பதில் 90 வாட்டில் வெந்திருக்கும். "வோல்டேஜ் கம்மி" என்றவுடன் ஸ்டெபிலைசரை விற்றுவிடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். எங்கே குறைகிறது என்று பார்த்துவிட்டு விற்கட்டும். மெயின் போர்டிலேயே குறைவாக வந்தால் ஸ்டெபிலைசருக்கு நியாயம் உண்டு.

ஒரே நொடியில் இரண்டையும் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். இந்த விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓமுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் அவர். அந்தக் காலத்து மின்கலத்தை வைத்து வெவ்வேறு நீளக் கம்பிகளைச் சோதித்தபோது, மின்கலத்தின் அழுத்தமே நிலையாக நிற்காமல் அளவுகள் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு பிஸ்மத், செம்பு இரண்டையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தைப் பெற்றார். அதற்குப் பிறகுதான் அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. 1827இல் அவர் புத்தகம் வெளியானது. ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் எழும் என்பதை ஜூல் 1841இல் வெளியிட்டார். நம் ஊர் லைனில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கினாலே 5 வோல்ட் ஆடும். காலையில் எடுத்த வோல்ட்டையும் மத்தியானம் எடுத்த ஆம்பியரையும் சேர்த்து வகுத்தால் வருகிற ஓம் எந்தப் பொருளுடையதும் இல்லை.

"ஓம் பார்க்கத்தான் மீட்டரிலேயே இடம் இருக்குதே, எதுக்குண்ணா வகுத்துட்டு?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பழைய 100 வாட் குண்டு பல்பை எடுத்து மீட்டரில் வைத்தால் சுமார் 40 ஓம் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 230 வோல்ட்டில் 1300 வாட் வருகிறது. எரியும்போது அதே பல்பின் தடை 529 ஓம். டங்ஸ்டன் இழை வெள்ளையாகச் சுடும்போது தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. மீட்டர் பார்ப்பது ஆறிக்கிடக்கும் இழையை. ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றில் இருக்கும் நிக்ரோம் கம்பி அவ்வளவு மாறாது. அவற்றுக்கு மீட்டரின் ஓம் அளவு ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். மற்றவற்றுக்கு, வேலை செய்யும்போது எடுத்த வோல்ட்டும் ஆம்பியரும்தான் சாட்சி.

லோடு இல்லாமல் எடுத்த வோல்ட் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நியூட்ரல் இணைப்பு ஒன்று அரித்துப்போய் 10,000 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். அதன் வழியே ஓடுவது வெறும் 23 மைக்ரோ ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் 23 பங்கு. அரித்த இடத்தில் குறைவது கால் வோல்ட்கூட இல்லை. மீட்டர் 229.8 என்று காட்டும். அதே இடத்தில் 60 வாட் குண்டு பல்பைப் போட்டால் பல்புக்குக் கிடைப்பது 20 வோல்ட்கூட இருக்காது, எரியவே எரியாது. பழைய ஆட்கள் ஹோல்டரில் பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் அர்த்தம் இருந்தது. அது அளக்கும்போதே லோடும் கொடுத்தது.

மோட்டாருக்கு வந்தால் இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. ஒரு சிங்கிள் ஃபேஸ் மோட்டார் காயிலை மீட்டரில் வைத்தால் 3 ஓம் காட்டலாம். 230ஐ 3ஆல் வகுத்தால் 77 ஆம்பியர்! ஓடும்போது இழுப்பதோ 6, 7 ஆம்பியர். ஏசி மின்சாரத்தில் காயிலின் காந்தப்புலமும் சேர்ந்து எதிர்க்கிறது, அதை மீட்டரின் பேட்டரியால் பார்க்க முடியாது. வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால், இரண்டையும் பெருக்கி வருவதும் முழு வாட் இல்லை. அந்த வித்தியாசத்தைக் காட்டும், ஒன்றுக்குக் குறைவான எண்ணான பவர் ஃபேக்டரால் இன்னொரு முறை பெருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் என்றால் 1.732ஆலும் பெருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், ஹீட்டருக்கு நேர் எதிரானது. லோடோடு ஓடும் மோட்டாருக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். தகட்டில் 6.5 போட்டிருக்கும் மோட்டார் 8 ஆம்பியர் இழுத்தால், காயிலில் எழும் சூடு ஒன்றரை மடங்கு. வோல்ட் குறைகிற ஊர்களில் கோடைதோறும் மோட்டார்கள் ரீவைண்டிங் கடைக்கு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஹீட்டர் வோல்ட் குறைந்தால் சோம்பிக் கிடக்கும், மோட்டார் எரிந்துபோகும்.

போர்வெல் ஸ்டார்ட்டர் வரை வரும் கேபிளின் தடையைக் கண்டுபிடிக்க மோட்டாரையே லோடாக வைத்து அளக்க மாட்டேன், பவர் ஃபேக்டர் குறுக்கே வந்து ஓம் குறைவாகத் தெரியும். மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு இஸ்திரிப்பெட்டியையோ வாட்டர் ஹீட்டரையோ மாட்டி அளப்பேன். வெறும் தடை மட்டுமே உள்ள லோடு என்பதால் எண்கள் நேராக வரும்.

கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும், போகிற மின்சாரமும் வருகிற மின்சாரமும் ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயரின் வெளியுறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்து, உள்ளிருக்கும் லைன் வயரைத் தனியே கவ்வுகிற மாதிரி வைத்துக்கொண்டால் எந்தப் பொருளின் ஆம்பியரையும் எடுக்கலாம். உள்வயரின் இன்சுலேஷனில் கீறல் விழக்கூடாது. மல்டிமீட்டரை ஆம்பியர் இடத்தில் வைத்துக்கொண்டு சாக்கெட்டுக்குள் குத்தவே கூடாது. அந்த இடத்தில் மீட்டரின் தடை ஏறத்தாழப் பூஜ்யம், 230ஐ அதால் வகுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று புரியும்.

புதிதாக வயர் இழுப்பதற்கு முன்னாலும் இதே கணக்குதான். வழியில் தங்கும் வோல்ட்டுக்கு என் வரம்பு 3 சதவீதம், அதாவது 230க்கு 7 வோல்ட். அந்தத் தோப்பு வீட்டுக்கு 2000 வாட், 8.7 ஆம்பியர். 7ஐ 8.7ஆல் வகுத்தால் 0.8 ஓம். 120 மீட்டருக்கு 0.8 என்றால் கிலோமீட்டருக்கு 6.7 ஓமுக்கு மேல் போகக்கூடாது. 2.5 ஸ்கொயர் 8 ஓம், ஒத்துவராது. 4 ஸ்கொயர் 5 ஓம், போதும். அடுத்த வருடம் வயர் மாற்றும்போது 4 ஸ்கொயர் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மோட்டார் வேலை முடித்த இடங்களில் ஸ்டார்ட்டர் பெட்டி மூடியின் உட்புறம் மார்க்கரால் தேதியையும் ஓடும்போது எடுத்த வோல்ட், ஆம்பியர் இரண்டையும் எழுதி வைக்கிறேன். பிறகு யார் வந்து அளந்தாலும் ஒப்பிட ஒரு அளவு இருக்கும். வோல்ட் அதேதான், ஆம்பியர் நன்றாகக் குறைந்துவிட்டது என்றால் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, பம்ப் வெறுமனே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். வோல்ட் அதேதான், ஆம்பியர் ஏறியிருக்கிறது என்றால் பேரிங், மணல் அடைப்பு என்று தேடலாம். வோல்ட்டே குறைந்து ஆம்பியர் ஏறியிருந்தால் மோட்டாரை மேலே தூக்குவதற்கு முன் கேபிள் இணைப்புகளைப் பாருங்கள்.